சேர்த்தவர்களும் சரி, நீக்கியவர்களும் சரி: சி மொழியில் அளவு வைத்துச் சரங்களை நகலெடுக்கும் சிக்கல்

2023இல் வெளிவந்த ஜிலிப்சி 2.38 பதிப்பில், சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, அளவு வைத்து நகலெடுக்கும் ஸ்டர்-எல்-காப்பி என்ற செயற்கூறு சேர்க்கப்பட்டது. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் சி நிரல்களுக்கு அடித்தளமாக இருக்கும் நூலகம் ஜிலிப்சி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் கேட்டும் அது இந்தச் செயற்கூற்றை ஏற்கவில்லை. 2024இல், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரநிலையான பாசிக்ஸும் இதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதே 2024இல் வெளிவந்த, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 6.8 பதிப்பு, அதே பெயரில் தன்னிடம் இருந்த செயற்கூற்றை அடியோடு நீக்கிவிட்டது.

ஒரு தரப்பு பாதுகாப்பானது என்று சேர்க்கிறது, மறு தரப்பு ஆபத்தானது என்று தூக்கி எறிகிறது. இரண்டு இடங்களிலும் முடிவெடுத்தவர்கள் பல பத்தாண்டுகள் சி மொழியிலேயே வாழ்ந்தவர்கள். செய்தியைப் படித்த நிரலாளர்கள் குழம்பியதில் வியப்பில்லை. உண்மையில் இரண்டு முடிவுகளும் சரியானவையே. "அளவு வைத்து நகலெடு" என்பது ஒரே வேலைபோல் தோன்றினாலும் அதற்குள் மூன்று நான்கு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காதவரை எந்தச் செயற்கூறு நல்லது என்ற கேள்விக்கு விடை கிடையாது.

இங்கே செயற்கூறுகளின் பெயர்கள் ஒலிப்புப்படி எழுதப்பட்டிருக்கின்றன. நடுவில் வரும் என், எல், எஸ் ஆகிய ஒற்றை எழுத்துகளைக் கவனித்துப் படியுங்கள். வேறுபாடு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

## சரம் எங்கே முடிகிறது?

சி மொழியில் சரத்துக்கென்று தனி வகை கிடையாது. அடுத்தடுத்த பைட்டுகள், அவற்றின் முடிவில் மதிப்பு பூஜ்யமாக உள்ள ஒரு பைட். அவ்வளவுதான் சரம். "1234" என்ற நான்கு எழுத்துச் சரம் நினைவகத்தில் ஐந்து பைட்டுகளைப் பிடிக்கும்:

| 1 | 2 | 3 | 4 | ∅ |

∅ என்று இங்கே குறிப்பது பூஜ்ய பைட்டை. விசைப்பலகையில் தட்டும் '0' என்ற எழுத்து வேறு. அதன் மதிப்பு 48.

சரத்தின் நீளம் எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. நீளம் வேண்டுமானால் ஸ்டர்லென் என்ற செயற்கூறு முதல் பைட்டிலிருந்து பூஜ்ய பைட் வரை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும். சி மொழியின் மூதாதையான பிசிபிஎல், சரத்தின் தொடக்கத்திலேயே நீளத்தை வைத்திருந்தது. அதிலிருந்து வந்த பி மொழி அதைக் கைவிட்டு முடிவுக்குறிக்கு மாறியது. நீளத்தை எட்டு அல்லது ஒன்பது பிட்டுகளுக்குள் அடைத்தால் சரத்தின் அளவுக்கு வரம்பு வந்துவிடும் என்பதும், எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி வசதியாகத் தெரிந்தது என்பதும் டென்னிஸ் ரிட்சி பின்னாளில் தந்த விளக்கம். நினைவகம் அருமையாக இருந்த காலத்தில் எடுத்த முடிவு அது. அதன் விளைவுகளைத்தான் இன்றும் சமாளித்துக்கொண்டிருக்கிறோம்.

சரத்தை வேறொரு செயற்கூறுக்கு அனுப்பும்போது போவது தொடக்க முகவரி மட்டுமே, அதாவது ஒரு பாயின்டர். அந்த முகவரியோடு இரண்டு தகவல்கள் போவதில்லை. ஒன்று, சரம் எவ்வளவு நீளம் என்பது. மற்றொன்று, அது அமர்ந்திருக்கும் பஃபரில், அதாவது அதற்கென ஒதுக்கிய நினைவகப் பகுதியில், மொத்தம் எத்தனை பைட்டுக்கு இடம் இருக்கிறது என்பது. முதலாவதை எண்ணித் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதை எந்தச் செயற்கூற்றாலும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அழைப்பவர்தான் சொல்ல வேண்டும்.

## வரம்பே இல்லாத நகல்

ஸ்டர்காப்பி என்ற பழைய செயற்கூறுக்கு இரண்டே உள்ளீடுகள்: சேருமிடம், மூலம். மூலத்தில் பூஜ்ய பைட் வரும்வரை எழுதிக்கொண்டே போகும். சேருமிடத்தில் இடம் தீர்ந்துவிட்டதா என்ற கேள்வி அதற்குக் கிடையாது. எட்டு பைட் பஃபரில் இருபது பைட்டை எழுதச் சொன்னால், மீதிப் பன்னிரண்டும் அருகில் இருப்பவற்றின் மேல் ஏறும். அருகில் இருப்பது வேறொரு மாறியாக இருக்கலாம். செயற்கூறு முடிந்ததும் திரும்ப வேண்டிய முகவரியாகவும் இருக்கலாம். எழுதப்படும் பைட்டுகளை வெளியாள் ஒருவர் தேர்ந்தெடுக்க முடிந்தால், நிரல் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பதையும் அவரே தீர்மானிப்பார்.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு இதே ஓட்டையைத்தான் ஒரு வழியாகப் பயன்படுத்தியது. பயனர்களைப் பற்றிய விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவை நிரல், உள்ளீட்டு வரியை வாசிக்கும் கெட்ஸ் என்ற செயற்கூற்றின் மூலம் 512 பைட் பஃபரில் உள்ளீட்டை வாங்கியது. கெட்ஸுக்கும் அளவு சொல்ல வழியில்லை. புழு அனுப்பியது 536 பைட். கெட்ஸ் 2011ஆம் ஆண்டின் சி தரநிலையில்தான் நீக்கப்பட்டது. ஸ்டர்காப்பி இன்றும் இருக்கிறது.

ஆக, அளவைச் சொல்ல வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அளவு என்று கொடுக்கும் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

## ஸ்டர்-என்-காப்பி: தவறான இடத்துக்கு வந்த கருவி

"ஸ்டர்காப்பி ஆபத்தானது, ஸ்டர்-என்-காப்பியைப் பயன்படுத்து" என்ற அறிவுரை ஒரு தலைமுறைக்கே போதிக்கப்பட்டது. பாடநூல்களில் இருந்தது, நேர்முகத் தேர்வுகளில் கேட்கப்பட்டது. அறிவுரையின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி, ஒரு ஆபத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொள்வது.

எட்டு பைட் சேருமிடமும் 8 என்ற வரம்பும் கொடுத்து ஸ்டர்-என்-காப்பியை அழைத்தால் கிடைப்பது இது:

1. மூலம் "1234" எனில்: | 1 | 2 | 3 | 4 | ∅ | ∅ | ∅ | ∅ |
2. மூலம் "1234567" எனில்: | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | ∅ |
3. மூலம் "12345678" எனில்: | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 |
4. மூலம் "1234567891" எனில்: | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 |

மூன்றாவதிலும் நான்காவதிலும் பூஜ்ய பைட் இல்லை. அதாவது சேருமிடத்தில் இருப்பது சி மொழியின் வரையறைப்படி சரமே அல்ல. அதை அடுத்து அச்சிட்டாலோ நீளம் எண்ணினாலோ, வாசிப்பு எட்டாவது பைட்டைத் தாண்டி, எங்கோ தற்செயலாக ஒரு பூஜ்யம் அகப்படும்வரை ஓடும். எழுதும்போது வர வேண்டிய விபத்து வாசிக்கும்போது வருகிறது. அதிலும் உடனே வராது. பக்கத்து நினைவகத்தில் பூஜ்யம் இருக்கும் நாள்களில் எல்லாம் ஒழுங்காக ஓடி, இல்லாத நாளில் விழும்.

மூன்றாவதற்கும் நான்காவதற்கும் விளைவில் வேறுபாடே இல்லை என்பதையும் பாருங்கள். முழுதாக நகலானதா, பின்பகுதி வெட்டப்பட்டதா என்பதைச் சேருமிடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. செயற்கூறு திருப்பித் தருவதும் சேருமிடத்தின் முகவரியை மட்டுமே. அது அழைத்தவருக்கு ஏற்கெனவே தெரியும்.

முதல் வரிசையிலும் ஒரு விநோதம் இருக்கிறது. சரம் முடிந்த பிறகும் மீதி இடம் முழுக்கப் பூஜ்யங்கள் நிரப்பப்படுகின்றன. 4096 பைட் பஃபரில் ஐந்து எழுத்தை நகலெடுத்தால் 4091 பூஜ்யங்கள் எழுதப்படும்.

இவ்வளவு கோணலான ஒன்றை யார் வடிவமைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். கோணல் அதில் இல்லை. அது செய்யப்பட்டது வேறு வேலைக்கு. 1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் கோப்பகத்தின் ஒவ்வொரு பதிவும் சரியாக 16 பைட். அதில் 2 பைட் ஐநோடு எண்ணுக்கு (கோப்பின் உள் அடையாள எண்), 14 பைட் கோப்பின் பெயருக்கு. கட்டங்கள் அச்சிட்ட படிவத்தில் பெயர் எழுதுவதுபோல: பெயர் சிறிதானால் மீதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும், பெயர் சரியாகப் பதினான்கு எழுத்தானால் எல்லாக் கட்டமும் நிரம்பிவிடும். "முடிந்தது" என்று எழுத ஒரு கட்டத்தை வீணாக்க வேண்டியதில்லை, ஏனென்றால் கட்டங்கள் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும். மீதி இடம் எப்போதும் பூஜ்யமாகவே இருந்தால் இரண்டு பெயர்களைப் பைட் பைட்டாக நேரடியாக ஒப்பிடவும் முடியும். சி தரநிலையின் விளக்க ஆவணமே, ஸ்டர்-என்-காப்பி இத்தகைய நிலையளவுப் புலங்களுக்காக வந்தது என்கிறது.

புலத்துக்கு அது கச்சிதமான கருவி. சரத்துக்கு அல்ல. இரண்டுக்கும் எழுத்துகளின் அணியையே, அதாவது அடுத்தடுத்த இடங்களின் வரிசையையே, பயன்படுத்துவதால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு வேறுபாடு தெரியவில்லை. பெயரும் ஸ்டர் என்று தொடங்குவதால் மனிதர்களுக்கும் தெரியவில்லை.

நகலெடுத்த பிறகு கடைசி பைட்டில் கையால் பூஜ்யம் வைப்பது வழக்கமான ஒட்டுப்போடல். வேலை செய்யும்தான். ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். இடங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுவதால் எட்டு பைட் அணியின் கடைசி இடம் 7, 8 அல்ல என்பதையும் ஒவ்வொரு முறையும் சரியாக எழுத வேண்டும். அதோடு, வெட்டுப்பட்டதா என்ற கேள்விக்கு அப்போதும் விடை கிடைப்பதில்லை.

## ஒரே எண், வேறு வேறு பொருள்

வரம்பு என்று கொடுக்கும் எண் செயற்கூறுக்குச் செயற்கூறு பொருள் மாறுகிறது. விபத்துகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

1. ஸ்டர்-என்-காப்பியில் அது எழுதப்படும் பைட்டுகளின் எண்ணிக்கை. கூடாது, குறையாது, அத்தனையும் எழுதப்படும்.

2. ஸ்டர்-என்-கேட் ஒரு சரத்தின் வாலில் இன்னொன்றை ஒட்டுவது. இங்கே எண் என்பது மூலத்திலிருந்து அதிகபட்சம் எத்தனை எழுத்து எடுக்கலாம் என்பது. பஃபரின் அளவு அல்ல. அத்தனை எழுத்துகளுக்குப் பிறகு ஒரு பூஜ்ய பைட்டையும் அது கட்டாயம் எழுதும். எனவே பஃபரின் முழு அளவையும் வரம்பாகக் கொடுப்பவர், ஏற்கெனவே அதில் இருக்கும் எழுத்துகளையும் மறந்துவிட்டார், இறுதிப் பூஜ்யத்தையும் மறந்துவிட்டார். பெயரில் ஸ்டர்-என்-காப்பியின் இரட்டைப் பிறவி. நடத்தையில் உறவே இல்லை.

3. மதிப்புகளை எழுத்தாக வடிவமைத்துப் பஃபரில் எழுதும் எஸ்-என்-பிரிண்ட்எஃப் செயற்கூற்றில் அது பஃபரின் முழு அளவு, பூஜ்ய பைட்டையும் சேர்த்து. 1999ஆம் ஆண்டின் சி தரநிலை தந்த இந்தச் செயற்கூறு எப்போதும் முடிவுக்குறி வைக்கும். திருப்பித் தருவது, இடம் போதுமானதாக இருந்திருந்தால் எத்தனை எழுத்து எழுதியிருக்கும் என்பதை. வெட்டுப்பட்டதைக் கண்டறிய அது நல்ல வழி. ஆனால் "இவ்வளவு எழுதிவிட்டேன்" என்று அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, அடுத்த துண்டை எழுதும் இடத்தை அந்த எண்ணால் நகர்த்தினால், பஃபருக்கு வெளியே போய் நிற்போம். மீதி இடத்தைக் கணக்கிடும் கழித்தல் எதிர்மறையாகும். அளவுகள் குறியில்லா எண்கள் என்பதால், அந்த எதிர்மறை எண் மாபெரும் நேர்ம எண்ணாக மாறி, வரம்பே இல்லை என்று ஆகிவிடும். கெர்னலில் இதற்காகவே, உண்மையில் எழுதியதை மட்டும் சொல்லும் எஸ்-சி-என்-பிரிண்ட்எஃப் தனியாக உண்டு.

சரியான செயற்கூற்றைத் தேர்ந்தெடுத்தும் எண்ணைத் தவறாகக் கொடுக்கலாம். மூலத்தின் நீளத்தையே வரம்பாகக் கொடுப்பது அப்படி ஒன்று. மூலத்தில் ஆயிரம் பைட் இருந்தால் வரம்பும் ஆயிரமாகும். சேருமிடத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லாத வரம்பு அது. இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மற்றொன்று, அளவைக் கேட்கும் சைஸ்ஆஃப். பஃபர் அணியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அது அணியின் முழு அளவைத் தரும். அதே பஃபர் உள்ளீடாக இன்னொரு செயற்கூறுக்குள் போனதும் அங்கே இருப்பது வெறும் பாயின்டர். 64 பிட் கணினிகளில் சைஸ்ஆஃப் பொதுவாக 8 என்றே சொல்லும். நிரலைத் திருத்தி, நீண்ட செயற்கூற்றை இரண்டாகப் பிரிக்கும்போது, ஒரு எழுத்துகூட மாறாத வரி பொருள் மாறிவிடுவது இப்படித்தான்.

## ஸ்டர்-எல்-காப்பி தந்த தீர்வு

1998இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் 2.4 பதிப்பில் டாட் மில்லரும் தியோ டி ராட்டும் ஸ்டர்-எல்-காப்பி, ஸ்டர்-எல்-கேட் என்ற இணையை அறிமுகப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு யூசெனிக்ஸ் மாநாட்டில் அதைப் பற்றிய கட்டுரையும் வந்தது. அவர்கள் செய்தவை மூன்று. வரம்பு எப்போதும் சேருமிடத்தின் முழு அளவு. இரண்டு செயற்கூறுகளிலும் ஒரே பொருள். அளவு பூஜ்யமாக இல்லாதவரை நகலின் முடிவில் பூஜ்ய பைட் உறுதி. திருப்பித் தருவது, இடம் போதுமானதாக இருந்திருந்தால் உருவாகியிருக்கும் சரத்தின் நீளம்; ஸ்டர்-எல்-காப்பியில் அது மூலத்தின் முழு நீளம்.

எட்டு பைட் பஃபரில் "12345678" நகலெடுத்தால் | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 | ∅ | கிடைக்கும், திரும்ப வரும் எண் 8. திரும்பும் எண் பஃபரின் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் வெட்டுப்பட்டது என்று பொருள். எவ்வளவு இடம் வேண்டியிருந்தது என்பதும் தெரிந்துவிடுகிறது. தேவையற்ற பூஜ்ய நிரப்பலும் இல்லை.

பிஎஸ்டி குடும்பம் முழுவதும் இது பரவியது. பல திட்டங்கள் தங்கள் நிரலுக்குள்ளேயே ஒரு படியை வைத்துக்கொண்டன. ஜிலிப்சி மட்டும் மறுத்தது. அதன் அன்றைய பராமரிப்பாளர் உல்ரிச் டிரெப்பர் 2000ஆம் ஆண்டில் கடுமையான சொற்களில் நிராகரித்தார். அவருடைய தொனியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அந்தத் தரப்பின் வாதம் அற்பமானதல்ல. மூலத்தின் நீளமும் பஃபரின் அளவும் தெரிந்த நிரலாளருக்கு, சொன்ன எண்ணிக்கையில் பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி போதும், அதுவே வேகமானது. நீளம் தெரியாமல் நகலெடுத்து, திரும்பும் எண்ணையும் பார்க்காமல் விடுபவருக்கு, ஸ்டர்-எல்-காப்பி பிழையைத் தடுப்பதில்லை. நிரல் விழுந்து தெரியவேண்டிய பிழையை, தரவு சத்தமின்றிக் குறைந்துபோகும் பிழையாக மாற்றித் தருகிறது.

வாதம் சரி. ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. நிரலாளர்கள் எல்லாரும் எப்போதும் நீளத்தைக் கையில் வைத்திருப்பார்கள் என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள்தான் முப்பது ஆண்டுகளாகப் பாதுகாப்பு அறிவிப்புகளை நிரப்பின. தாக்குபவர் கையில் இயந்திரத்தைக் கொடுப்பதைவிடப் பெயரின் வால் வெட்டுப்படுவது மேல். 2.38 பதிப்பில் சேர்க்கப்பட்டதற்கும் பின்னணி இதுவே: பாசிக்ஸ் அதை ஏற்கும் பாதையில் இருந்தது, நூற்றுக்கணக்கில் தனிப்படிகள் உலவுவதைவிட நூலகத்தில் ஒன்று இருப்பது நல்லது.

## கெர்னல் ஏன் வெளியேற்றியது?

ஸ்டர்-எல்-காப்பி மூலத்தின் முழு நீளத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு மூலம் முழுவதையும் வாசித்தாக வேண்டும். வரம்பு எழுதுவதற்கு மட்டும்தான், வாசிப்பதற்கு வரம்பே இல்லை. 16 பைட் இடத்துக்கு நகலெடுக்கும்போது மூலம் ஒரு மெகாபைட் நீளமாக இருந்தால் அந்த ஒரு மெகாபைட்டும் வாசிக்கப்படும். வேகக் குறைவு சிறிய தொல்லை. மூலத்தில் பூஜ்ய பைட்டே இல்லாவிட்டால், வாசிப்பு அதன் எல்லையைத் தாண்டி வேறு நினைவகத்துக்குள் நுழைந்துவிடும் என்பதே பெரிய தொல்லை.

சாதாரண நிரலில் மூலம் பெரும்பாலும் ஒழுங்கான சரமாக இருக்கும். கெர்னலுக்கு வருவன அப்படியல்ல. வன்பொருளின் பதிவேட்டிலிருந்து வந்த பெயர், வட்டில் எழுதப்பட்டிருந்த புலம், வலையமைப்பில் வந்த பொட்டலம் ஆகியவை முடிவுக்குறி இல்லாத நிலையளவுப் புலங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அதோடு, நீளத்தை ஒருமுறை எண்ணி, பிறகு நகலெடுக்கும் இடைவெளியில் வேறொரு செயலோட்டம் மூலத்தை மாற்றிவிட்டால், சொன்ன நீளமும் நகலான உள்ளடக்கமும் பொருந்தாது.

எனவே 2015இல் வந்த 4.3 பதிப்பில் ஸ்டர்-எஸ்-காப்பி சேர்க்கப்பட்டது. முடிவுக்குறி உறுதி. வரம்புக்கு மேல் மூலத்தை வாசிக்கத் தேவையில்லை. முழுதாக நகலானால் நகலான எழுத்துகளின் எண்ணிக்கையைத் தரும். வெட்டுப்பட்டால் ஒரு எதிர்மறைப் பிழைக் குறியீட்டைத் தரும். கெர்னலில் பிழைகளைச் சொல்லும் வழக்கமே எதிர்மறை எண்தான் என்பதால், சோதிப்பது எளிது, மறப்பது சற்றுக் கடினம். மூலத்தின் முழு நீளம் எவ்வளவு என்பது மட்டும் தெரியாது. கெர்னலில் அது அநேகமாகத் தேவைப்படுவதுமில்லை.

ஆனால் ஸ்டர்-என்-காப்பி இருந்த இடத்தில் எல்லாம் ஸ்டர்-எஸ்-காப்பியைத் தேடி மாற்றிவிட முடியாது. மீதி இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பும் பழைய பழக்கம் சில இடங்களில் யாரும் அறியாமலே ஒரு காவலாக இருந்தது. 32 பைட் புலத்தில் நான்கு எழுத்தை மட்டும் எழுதி, அந்தக் கட்டமைப்பை அப்படியே பயனர் நிரலுக்கு அனுப்பினால், எழுதப்படாத பைட்டுகளில் முன்பு கெர்னல் வைத்திருந்த ஏதோ ஒன்று வெளியே போய்விடும். அது முகவரியாக இருக்கலாம், சாவியின் துண்டாகவும் இருக்கலாம். அதற்காக ஸ்டர்-எஸ்-காப்பி-பேட் என்று நிரப்பும் வகை தனியாக உண்டு. முடிவுக்குறி வேண்டாத உண்மையான புலங்களுக்கு வேறு செயற்கூறுகள் உண்டு. பழைய ஸ்டர்-என்-காப்பி அழைப்பு ஒவ்வொன்றையும் திறந்து, "இது சரமா, புலமா, நிரப்பல் தேவையா" என்று மனிதர் ஒருவர் படித்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

## வெட்டுவது யாருடைய முடிவு?

இதுவரை சொன்ன நல்ல செயற்கூறுகள் எல்லாம் நினைவகத்தைக் காப்பாற்றுகின்றன. தரவின் பொருளைக் காப்பாற்றுவது அவற்றின் வேலை அல்ல. வெட்டுப்பட்ட சரம் நினைவகத்தின் கண்ணில் பழுதற்ற சரம். அதன் பொருள் மட்டும் வேறு.

லினக்ஸிலேயே ஒரே அளவுக்கு இரண்டு முடிவுகளைப் பார்க்கலாம். ஓடும் செயலின் பெயருக்குக் கெர்னல் 16 பைட் ஒதுக்குகிறது. நீண்ட பெயர் 15 எழுத்தில் வெட்டப்படும். அது பட்டியலில் காட்டுவதற்கான பெயர், வெட்டினால் பெரிய இழப்பில்லை. வலையமைப்பு இடைமுகத்தின் பெயருக்கும் அதே 16 பைட். ஆனால் நீண்ட பெயரைக் கொடுத்தால் வெட்டாமல் பிழை என்று மறுக்கப்படும். அது அடையாளம் என்பதால், வெட்டினால் இரண்டு வேறு பெயர்கள் ஒன்றாகிவிடலாம்.

கோப்புப் பாதை வெட்டுப்பட்டால் வேறொரு கோப்பு திறக்கும். பயனர் பெயர் வெட்டுப்பட்டால் வேறொருவராக நுழையலாம்: சோதனை நீண்ட பெயரின் மேல் நடக்கும், சேமிப்பில் இருப்பதோ குறுகிய பெயர், அந்த இடைவெளியே தாக்குதலுக்குப் போதும். கட்டளை வெட்டுப்பட்டால் நிபந்தனை போய்ச் செயல் மட்டும் மிஞ்சும்.

தமிழ் எழுதுபவர்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. மேலே எடுத்துக்காட்டுகளுக்கு எண்களைப் பயன்படுத்தியது அவை ஒவ்வொன்றும் ஒரு பைட் என்பதால். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். "பல்" என்ற சொல்லில் ப, ல, புள்ளி என மூன்று குறிகள், ஆக 9 பைட், முடிவுக்குறியோடு 10. இதை ஸ்டர்-எல்-காப்பியால் சிறிய பஃபர்களில் நகலெடுத்தால்:

1. பஃபர் 10 பைட் எனில் "பல்" முழுதாகக் கிடைக்கும்.
2. பஃபர் 9 அல்லது 8 பைட் எனில் "பல" என்பதோடு புள்ளியின் உடைந்த துண்டு ஒட்டியிருக்கும். இது செல்லுபடியாகாத யுடிஎஃப்-8. திரையில் கேள்விக்குறிக் கட்டம் தெரியும், அல்லது அடுத்து வாசிக்கும் நிரல் மறுத்துவிடும்.
3. பஃபர் 7 பைட் எனில் "பல" கிடைக்கும். எந்தச் சோதனையிலும் தேறும் ஒழுங்கான சரம். பல்லைக் காணோம், பல மட்டும் இருக்கிறது.

இரண்டாவதைத் தவிர்ப்பது எளிது. வெட்டிய இடத்திலிருந்து பின்னோக்கி வந்து, நடுப்பகுதி பைட்டுகளைத் தாண்டிக் கடைசிக் குறியின் முதல் பைட்டைக் கண்டுபிடித்து, அந்தக் குறி முழுமையாக இல்லாவிட்டால் அதை முதல் பைட்டோடு சேர்த்துக் கழித்துவிடலாம். நடுப்பகுதி பைட்டுகளின் முதல் இரண்டு பிட்டுகள் எப்போதும் 1, 0 என்று இருப்பதால் அடையாளம் காண முடியும். மூன்றாவதை அப்படிப் பிடிக்க முடியாது. உயிர்மெய்யையும் ஒற்றையும் பிரிக்காமல் வெட்ட, யூனிகோடு வகுத்திருக்கும் எழுத்துக்கொத்து விதிகள் வேண்டும். நகலெடுக்கும் எந்தச் செயற்கூறுக்கும் அவை தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை.

## பாதிவழியில் நின்ற மாற்று

2011ஆம் ஆண்டின் சி தரநிலை, கே பின்னிணைப்பு என்ற பகுதியில், ஸ்டர்காப்பி-எஸ் முதலான "பாதுகாப்பான" செயற்கூறுகளைக் கட்டாயமற்ற பகுதியாகச் சேர்த்தது. மைக்ரோசாஃப்ட்டின் முயற்சியில் தொடங்கியது இது. இடம் போதவில்லை என்றால் வெட்டாமல், பிழையைக் கையாளும் செயற்கூற்றை அழைப்பது இதன் வழி. கருத்து மோசமில்லை. ஆனால் ஜிலிப்சி இதைச் செயல்படுத்தவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் வடிவமும் தரநிலையோடு முழுதாகப் பொருந்தவில்லை. எல்லா இடத்திலும் ஓட வேண்டிய நிரலை எழுதுபவருக்கு இதனால் பயன் குறைவு.

## எதை எப்போது?

புதிதாக எழுதும்போது கேள்விகளை இந்த வரிசையில் கேட்டால் தேர்வு தானாக அமையும்.

1. வரம்பு உண்மையில் தேவையா? நிலையான அளவு பஃபர் பல நேரம் பழக்கத்தால் வருவதே. மூலத்தின் அளவுக்கு இடம் ஒதுக்கி நகலெடுக்கும் ஸ்டர்டூப், சி23 தரநிலையில் சேர்ந்துவிட்டது. இடத்தை விடுவிக்கும் பொறுப்பு கூடும், வெட்டுப்படும் கேள்வி எழாது.

2. சேருமிடம் சரமா, நிலையளவுப் புலமா? புலம் என்றால் ஸ்டர்-என்-காப்பிக்கு இன்றும் இடம் உண்டு. அதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை.

3. நீளம் ஏற்கெனவே தெரியுமா? தெரியும் என்றால் இடம் போதுமா என்று ஒப்பிட்டுவிட்டு மெம்காப்பி. டிரெப்பர் தரப்பின் வாதம் இந்த இடத்தில் முழுக்கச் சரி.

4. தெரியாது, மூலமும் நம்பத்தக்க சரம் என்றால் ஸ்டர்-எல்-காப்பி அல்லது எஸ்-என்-பிரிண்ட்எஃப். திரும்பும் எண்ணைச் சோதிக்காத அழைப்பை, எழுதி முடிக்காத வரியாகவே கருத வேண்டும்.

5. மூலத்தை நம்ப முடியாது என்றால், வாசிப்பதற்கும் வரம்பு வைக்கும் செயற்கூறு வேண்டும். கெர்னலுக்கு வெளியே, வரம்புக்குள் மட்டும் நீளத்தை எண்ணும் ஸ்டர்-என்-லென்னையும் மெம்காப்பியையும் சேர்த்து இதைச் செய்யலாம்.

நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் திட்டம் 2018 முதல் இன்னும் கறாராக இருக்கிறது. ஸ்டர்காப்பி, ஸ்டர்-என்-காப்பி, ஸ்டர்-என்-கேட் போன்றவற்றை அதன் மூலநிரலில் எழுதினால் தொகுப்பே நடக்காது. "மன்னிக்கவும், இது தடைசெய்யப்பட்ட செயற்கூறு" என்ற பொருளுள்ள பெயரோடு கம்பைலர் பிழை வரும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மறுப்பிலும் ஒரு மரியாதை. சரங்களைக் கட்டுவதற்கு, நீளத்தையும் கொள்ளளவையும் கூடவே சுமக்கும் தங்கள் சொந்தக் கட்டமைப்பைப் பயன்படுத்துகிறார்கள். பிசிபிஎல் கையில் இருந்து பி மொழி கைவிட்ட நீளம், சுற்றி வந்து இப்படித்தான் திரும்பியிருக்கிறது.

புலத்துக்கும் சரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கம்பைலருக்குச் சொல்லவும் இப்போது வழியிருக்கிறது. 2018இல் வந்த, ஜிசிசி என்ற கம்பைலரின் 8ஆம் பதிப்பு, ஒரு அணியை "சரம் அல்ல" என்று அறிவிக்கும் குறிப்பைத் தந்தது. வெட்டுப்படக்கூடிய நகல்களைப் பற்றி எச்சரிக்கவும் தொடங்கியது. 2025இல் வந்த ஜிசிசி 15 இன்னும் ஒரு படி போனது. நான்கு பைட் அணிக்குத் தொடக்க மதிப்பாக "1234" கொடுப்பது சி மொழியில் செல்லும், ஆனால் முடிவுக்குறிக்கு இடமிருக்காது. அதைப் பார்த்ததும் இந்தப் பதிப்பால் எச்சரிக்க முடியும். வேண்டுமென்றே அப்படி எழுதியவர்கள் "சரம் அல்ல" என்று அறிவித்தால் எச்சரிக்கை அடங்கும். கெர்னலின் பல பழைய அட்டவணைகளில் அந்த அறிவிப்பு அந்த ஆண்டே சேர்க்கப்பட்டது.